பாலாம்பிகையின் முதல் வேண்டாம்

மொன்றியல் நகரத்தின் லாசால் பகுதியில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பாலாம்பிகையிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் ‘வேண்டாம்’. தேத்தண்ணி போடவோ? வேண்டாம். கதிரையில் இருங்கோவன்? பரவாயில்லை, நிக்கிறன். அவளுக்குத் தேத்தண்ணி பிடிக்காது என்றோ கால் நோகவில்லை என்றோ இதற்குப் பொருளில்லை. கேட்டவுடன் ஓம் என்றால், இவள் இதற்காகத்தான் வந்து நிற்கிறாள் என்று நினைத்துவிடுவார்களே! ஆகவே முதல் தரம், வேண்டாம். இரண்டாம் தரம், சே, உங்களுக்கேன் கரைச்சல். மூன்றாம் தரம்தான், சரி, அரைக் கப் தாங்கோ. அவள் வளர்ந்த யாழ்ப்பாணத்து வீட்டில் இதற்குப் பெயர் மரியாதை. கேட்பவருக்கும் அது தெரியும், ஆனபடியால் அவர் மூன்று தரம் கேட்பார்.

மொன்றியலில் இதற்குப் பெயர் பட்டினி.

எண்பத்தொன்பதில் வந்திறங்கி, கார்டெரி என்கிற ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகள் சிந்துவதைத் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் பத்து மணிக்குப் பொறுப்பாளர் அம்மா கோப்பி வேண்டுமா என்று கேட்டார். “நோன், மெர்சி” என்றாள், பிரெஞ்சில் வேண்டாம், நன்றி. இவளுக்குக் கோப்பி ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று அந்த மனுசி நினைத்துவிட்டது. பிறகு பதினொரு மாதம், நாள் தவறாமல் பத்து மணிக்கு எல்லோருக்கும் கோப்பி வந்தது, அவளுக்கு வாசம் மட்டும் வந்தது. அடுத்த வருசம் வீட்டுச் சொந்தக்காரர் ஒரு சோபாவைச் சும்மா தருகிறேன் என்றார். வழக்கம்போல வேண்டாம் என்றாள். அது கீழ்வீட்டுப் போர்த்துக்கீசருக்குப் போனது. அவர்கள் அதில் சாய்ந்திருந்து உதைபந்தாட்டம் பார்த்துக் கத்துகிற சத்தம் ஆறு வருசம் மேலே கேட்டது. ஒவ்வொரு கோலுக்கும் அவள் கணவர் ஆனந்தராசா தரையில் பாயில் இருந்தபடி அவளை ஒரு பார்வை பார்ப்பார்.

அவளுக்கு விளங்காமல் இல்லை. இந்த ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மனிசர் ஒரு தரம்தான் கேட்பார்கள் என்று மூளைக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. நாக்குக்குத்தான் இன்னும் சொல்லி முடியவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் அவளுக்கு ஐம்பத்தொரு வயது. ஒரு பல்கலைக்கழகக் கன்ரீனில் சமையல் வேலை. வெள்ளிக்கிழமைகளில் அவள் வைக்கும் பருப்பு சூப்புக்கு வரிசை கதவுக்கு வெளியே நிற்கும். அந்த வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிற்பவர் பேராசிரியை லீஸ். ஒல்லியான கெபெக் மாகாணத்து மனுசி, காலம் முழுக்க மண்ணைக் கிண்டி, பழைய காலத்து ஆட்கள் எங்கே இருந்தார்கள், என்ன தின்றார்கள் என்று பார்ப்பவர். அந்த ஒக்டோபரில் சூப்பை வாங்கிக்கொண்டு அவர் நகராமல் நின்றார்.

ஜனவரியில் மொரித்தானியாவுக்குப் போகிறோம், என்றார் லீஸ். சகாராவில் ஒரு மலைவிளிம்பு, அதன் மேல் மூவாயிரம் வருசத்துக்கு மேற்பட்ட, கல்லால் கட்டிய ஊர் ஒன்று கிடக்கிறது. போன முறை மூன்று கிழமையும் தகரத்தில் அடைத்த ரின் மீனைத் தின்று, ஆளுக்காள் பேசாமல் திரும்பி வந்தோம். சமைப்பதற்கு நீங்கள் வருகிறீர்களா?

“நோன், நோன்” என்றாள் பாலாம்பிகை.

ஆனால் லீஸ் ரின் மீனுக்குப் பயந்தவர். அடுத்த நாள் ஒரு படத்துடன் வந்து மறுபடி கேட்டார். சே, உங்களுக்கேன் வீண் சிரமம் என்று இவள் சொன்னாள். மூன்றாம் நாள் கையெழுத்துப் போடும் கடதாசியுடன் வந்து நின்றார். பாலாம்பிகைக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பதினாறு வருசத்தில் இந்த ஊரில் அவளை மூன்று தரம் கேட்ட முதல் வெள்ளைக்காரி. இந்த மனுசி எங்கட ஆக்கள் மாதிரி என்று அன்றைக்கு முடிவு கட்டினாள். பின்னால் வந்த வினையெல்லாம் இந்த முடிவால் வந்ததுதான்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டினாள். மஞ்சள் வெளி ஒன்று, அதன் கடைசியில் எழுந்து நிற்கும் கறுத்தப் பாறை, பாறையின் நெற்றியில் சின்னச் சின்னக் கல்மதில்கள்.

“உந்தக் கல்லைப் பாக்கவோ இவ்வளவு தூரம்?” என்றார் ஆனந்தராசா.

“பாக்க எண்டு ஆர் சொன்னது? நான் சமைக்கவெல்லோ போறன்.”

அது பச்சைப் பொய். அவள் போகாத ஊரில்லை. ரொறொன்ரோவுக்கு ஒன்பது கலியாணம், நாலு செத்தவீடு. லண்டனுக்கு ஒரு சாமத்தியவீடு, பெண்பிள்ளை பெரியபிள்ளையான சடங்கு. பாரிசுக்கு ஒரு அந்தியேட்டி, செத்து முப்பத்தோராம் நாள் சடங்கு. அந்தப் பெரிய கோபுரத்தின் ஒரு கால் மட்டும் கார் கண்ணாடியால் தெரிந்தது, அதற்குள் பச்சை விளக்கு விழுந்துவிட்டது. யாரும் சாகாமல், யாரும் தாலி கட்டாமல், ஒரு இடத்தைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே ஒரு இடத்துக்கு அவள் போனதேயில்லை. பால் எடுக்கப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் படத்தைப் பார்த்தாள். பால் தேவையில்லாத நேரமும் திறந்தாள்.

ஆனந்தராசா டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். பதினைந்து வருசமாக அதே வேலை, இடுப்புப் பட்டியும் அதே பட்டி. பெட்டியின் வாரில் உள்ள விமான நிலையக் குறியின் மூன்று எழுத்தைப் பார்த்தவுடன் ஊரின் பெயர் சொல்லுவார். அவள் புறப்பட்ட நாள் பின்னேர வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் விமானத்தில் ஏறி இருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது.

“பெட்டி ஏறிட்டுது. நானே ஏத்தினான். மேலை ஒரு பாரமும் வைக்க விடேல்லை.”

“தூள் போத்தல் உடையாதோ?”

“அதுதான் சொல்லுறனே. கவனமாப் போட்டு வாரும்.”

கசபிளாங்காவில் மாறி, நுவாக்சொட்டில் இறங்கி, அங்கிருந்து இரண்டு ஜீப்பில் இரண்டரை நாள் ஓட்டம். கடைசி நாள் றோட்டே இல்லை, சாரதி சீதி அகமது மண்ணின் நிறத்தைப் பார்த்து ஓட்டினார். அறுபது வயது, நீலத் தலைப்பாகை, பிரெஞ்சை ஆறுதலாகக் கதைப்பவர். பின்னேரம் நாலு மணியளவில் அவர் ஜீப்பை நிறுத்தி, கையை மட்டும் நீட்டினார். வெளி முடிகிற இடத்தில் மலைவிளிம்பு எழுந்து நின்றது. இடப்பக்கமும் முடிவில்லை, வலப்பக்கமும் முடிவில்லை. படத்தில் இருந்ததைவிடக் கறுப்பு, படத்தில் இருந்ததைவிட உயரம். பாலாம்பிகை தன்னை மறந்து “ஐயோ அப்பா” என்றாள்.

அடிவாரத்தில் கூடாரம் போட்டார்கள். லீஸ், நாலு மாணவர், சீதி, இவள். ஒரு பெரிய கூடாரம் இவளுடைய குசினி. முதல் நாள் விடிய எல்லோரும் தொப்பி, தண்ணீர்ப் போத்தல், அளக்கும் நாடா என்று ஆயத்தமாகி நின்றார்கள். லீஸ் திரும்பி, “மதாம் பாலா, நீங்களும் மேலே வருகிறீர்களா?” என்று கேட்டார்.

வருகிறேன் என்று அவளுடைய உடம்பு முழுவதும் சொன்னது. நாக்கு, “நோன், நோன், மெர்சி” என்றது.

பரவாயில்லை, இன்னும் இரண்டு தரம் இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டு நின்றாள். லீசும் சிரித்தார். “சரி, நீங்கள் ஆறுதலாக இருங்கள்” என்றார். ஏழு தொப்பிகள் இருந்த இடத்தில் தன்னுடைய ஒரு தொப்பி மட்டும் நிற்கிறது என்பதை அவள் உணர்ந்தபோது, மற்றவை பாறைகளுக்கிடையில் வளைந்து வளைந்து மேலே போய்விட்டன.

இரண்டாம் நாள் கேட்பார் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. நாலாம் நாள் காலையில் ஓட்டச் சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். “நல்ல சப்பாத்து” என்று சொல்லிவிட்டு லீஸ் ஏறிப்போனார். ஆறாம் நாள் சாப்பாட்டு நேரம் சம்பந்தமில்லாமல், “எனக்கு முழங்கால் நல்ல சுகம். வீட்டில் மூன்று மாடி, லிப்ட் இல்லை” என்றாள். “நீங்கள் கொடுத்துவைத்தவர்” என்று லீஸ் தன் முழங்காலைத் தடவினார். எட்டாம் நாள் கொஞ்சம் கள்ளத்தனமும் செய்தாள். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியில் ரொட்டியை வைத்து, சம்பலை வேண்டுமென்றே வைக்காமல் விட்டாள். கொண்டுவரச் சொல்லி மேலிருந்து கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் போகலாம் அல்லவா? கூப்பிடவில்லை. மத்தியூ என்ற நெடுவல் மாணவன் நாலு பாய்ச்சலில் இறங்கிவந்து சம்பலை வாங்கி, மெர்சி சொல்லி, நாலு பாய்ச்சலில் ஏறிப்போனான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வானத்துச் செய்மதியைப் பிடித்துப் பேசுகிற லீசின் தொலைபேசியில் ஆளுக்கு ஐந்து நிமிசம் கிடைக்கும். இரண்டாம் ஞாயிறு ஆனந்தராசா கேட்டார்.

“என்ன, உம்மடை கல்லைப் பாத்தாச்சோ?”

“கீழை நிண்டு பாக்கிறன்.”

“கீழை நிண்டோ! நீர் கேளுமன், கூட்டிக்கொண்டு போகச் சொல்லி.”

“வாயைத் திறந்து கேட்டே போறது? அவையள் கூப்பிடவேணுமெல்லே.”

“அவையள் கூப்பிட்டவையோ இல்லையோ?”

பாலாம்பிகை தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். மறுமுனையில் ஆனந்தராசா அந்தச் சோபாவுக்குப் பார்த்த அதே பார்வையை இப்போது பெருமூச்சாக விட்டார்.  இன்னும் எட்டு நாளில் கூடாரம் பிடுங்கிவிடுவார்கள். இவ்வளவு தூரம் வந்தும் ரின் மீனுக்குப் பதிலாக வந்தவள் என்றுதான் திரும்பப் போகிறோமோ என்று பயந்தாள்.

ஆறுதல் சீதி அகமதுதான். அவர் பின்னேரங்களில் கரியடுப்பில் சின்னக் கேத்தல் வைத்துத் தேத்தண்ணி போடுவார். முதல் நாள் கிளாசை நீட்டியபோது அவள் “நோன்” என்றாள். அவர் அது காதில் விழாதது போலக் கிளாசை அவள் முன்னால் வைத்தார். இரண்டாவது கிளாசுக்கும் நோன் என்றாள், அதையும் வைத்தார். மூன்றாவதுக்கு அவள் வாயைத் திறக்குமுன்னே ஊற்றிவிட்டார். அவர்களுடைய வழக்கத்தில் மூன்று கிளாசும் குடிக்காமல் எழும்பக்கூடாதாம். இப்படி ஒரு அருமையான சாதி உலகத்தில் இருப்பது தெரியாமல் போச்சே என்று பாலாம்பிகை மூன்றையும் ஊதி ஊதிக் குடித்தாள்.

பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. அவள் வெள்ளியில் மச்ச மாமிசம் தொடமாட்டாள், ஆகவே முகாமும் தொடவில்லை. சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல். பொழுது சாயும் நேரம் எல்லோரும் பாயில் வட்டமாக இருந்தார்கள். மேலே ஏறமுடியாத ஆத்திரத்தை எல்லாம் பாலாம்பிகை சமையலில் இறக்கியிருந்தாள், பிரட்டலில் அவ்வளவு மணம். மத்தியூவுக்கு இரண்டு தரம் போட்டாள். மூன்றாம் தரம் அகப்பையோடு வந்தபோது அவன், “நோன், மெர்சி” என்றான்.

பாவம், பெடியன் வெட்கப்படுகிறான் என்று போட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தாள். “உண்மையாகவே போதும், மதாம் பாலா” என்று சாப்பாட்டுக் கோப்பையை இரண்டு கையாலும் மூடினான். அவள் விரல்களுக்கு இடையால் ஒரு இடைவெளி பார்த்து ஒரு கிழங்கை விட்டாள்.

மத்தியூ எழும்பிவிட்டான். முகம் சிவந்திருந்தது.

“மதாம் பாலா! பத்தொன்பது நாளாக என்னால் குனிந்து அளக்க முடியவில்லை! காற்சட்டை பூட்டுப்படவில்லை! நான் வேண்டாம் என்றால் வேண்டாம்!”

சொன்னவுடனேயே அவனுக்குக் குற்ற உணர்ச்சி. ஒருவரும் மெல்லவில்லை. பாலாம்பிகை அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அது பெடியன் மேல் வந்த கோபமல்ல. பதினொரு மாதத்துக் கோப்பி, ஆறு வருசத்துச் சோபா, பத்தொன்பது நாள் மலை எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தன.

“நான் வேண்டாம் என்றால் வேண்டாம் இல்லை!” என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கத்தினாள். “நான் வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு தரம் கேட்கவேண்டும்! எனக்கு மேலே போகவேண்டும்! முதல் நாளே போகவேண்டும்! சப்பாத்துக் கூடப் போட்டேன்!”

முதலில் சிரித்தவர் சீதி அகமது. கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, தலைப்பாகை அவிழுமளவுக்குச் சிரித்தார். லீஸ் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“பத்தொன்பது நாள்! உங்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை, கரைச்சல் கொடுக்கக்கூடாது என்றல்லவா நான் பேசாமல் இருந்தேன்?” பிறகு அவருக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரி வெளியே வந்தார். “சரியாக எத்தனை தரம் கேட்கவேண்டும்?”

“மூன்று. அவசரம் என்றால் இரண்டு.”

“அப்படியென்றால்,” மத்தியூ கிழங்கைப் பார்த்தபடி பயந்து பயந்து கேட்டான், “நான் எத்தனை தரம் வேண்டாம் என்றால் நீங்கள் நிறுத்துவீர்கள்?”

பாலாம்பிகை நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். “அதற்கு எங்களிடம் கணக்கு இல்லை” என்றாள்.

அதற்குப் பிறகு யாராலும் சாப்பிட முடியவில்லை. சிரித்த சிரிப்பில் மத்தியூவுக்கு விக்கல் எடுத்து, கடைசியில் அவனே அவளிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

மறுநாள் விடிய எல்லோரும் குசினிக் கூடாரத்தின் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். லீஸ் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

“மதாம் பாலா, எங்களோடு மேலே வருகிறீர்களா?”

“நோன், மெர்சி.”

“தயவுசெய்து வாருங்கள்.”

“சே, உங்களுக்கேன் கரைச்சல்.”

“நீங்கள் வராவிட்டால் நாங்கள் ஒருவரும் ஏறமாட்டோம்.”

“சரி,” என்றாள் பாலாம்பிகை, சேலைக்குப் பதிலாகப் போட்டிருந்த காற்சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டு, “இவ்வளவு கேட்கிறீர்கள், அரை மணித்தியாலம் வருகிறேன்.”

ஏற ஒன்றேகால் மணி எடுத்தது. லாசாலின் மூன்று மாடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது பாதி வழியில் தெரிந்தது, ஆனால் முழங்காலைப் பற்றி ஏற்கனவே பெருமையடித்துவிட்டாளே, மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினாள். கடைசிப் பாறையில் சீதி கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

மேலே ஒரு ஊர் இருந்தது. கல்லின் மேல் கல்லாக அடுக்கிய மதில்கள் அவளுடைய இடுப்பளவு, சில தோளளவு. மதிலுக்கும் மதிலுக்கும் இடையில் ஒழுங்கை. ஒழுங்கையிலிருந்து வளவுக்குள் போக வாசல். கூரை ஒன்றும் இல்லை, ஆனால் வாசல்கள் அப்படியே திறந்து கிடந்தன. இவ்வளவு வேலை செய்த ஆட்களின் பெயர் ஒன்றும் யாருக்கும் தெரியாதாம். ஒரு வளவுக்குள் குழி விழுந்த அரைகல் ஒன்றைக் காட்டி, தானியம் அரைத்த கல் என்றார் லீஸ். குரலில் ஆசை தெரிந்தது. “சமையல் தெரிந்தவர் நீங்கள். இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?”

பாலாம்பிகை அரைகல்லைப் பார்த்தாள். பார்த்தவுடன் அவளுக்கு எவ்வளவோ தெரிந்தது, அரைத்தவள் எந்தப் பக்கம் இருந்திருப்பாள், எந்தத் தோள் நொந்திருக்கும் என்று. ஆனால் சொல்லவில்லை. “மதாம், இன்றைக்கு நான் சமைக்க வரவில்லை” என்றாள். “பார்க்க வந்தேன்.”

லீஸ் தலையாட்டிவிட்டு விலகிப் போனார்.

அவள் ஒழுங்கையால் நடந்து ஊரின் கடைசி மதிலுக்கு வந்து அதன்மேல் ஏறி இருந்தாள். கீழே மஞ்சள் வெளி. அவளுடைய குசினி ஒரு தீப்பெட்டி அளவு தெரிந்தது. அங்கே அடுப்பு எரியவில்லை, ஒருவரும் பசியோடு காத்திருக்கவில்லை. இங்கே மாப்பிள்ளை இல்லை, பிரேதம் இல்லை, கொண்டுவந்த பலகாரத்தை எங்கே வைக்கிறது என்று கேட்க ஆளில்லை. காற்று அடித்தது. இருந்தாள். கொஞ்ச நேரத்தில் காரணமில்லாமல் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவ்வளவு சந்தோசமாக இருந்தது. அரை மணித்தியாலம் என்று வந்தவள் பொழுது சாயும்வரை இறங்கவில்லை, அன்று இரவுச் சாப்பாடு ரின் மீன். ஒருவரும் குறை சொல்லவில்லை.

மறுநாள் கடைசி ஞாயிறு. தொலைபேசியைக் கையில் வாங்கும்போது மொன்றியலில் மத்தியானம், பனி கொட்டுகிறது என்றார் ஆனந்தராசா.

“ஏறிட்டன்” என்றாள்.

“உண்மையாவோ! கூப்பிட்டவையோ?”

“மூண்டு தரம்.”

“என்ன கிடக்கு மேலை?”

“கல்லுத்தான். மதில், ஒழுங்கை, வாசல். வேறை ஒண்டுமில்லை. சும்மா இருந்து பாத்தன்.”

“எவ்வளவு நேரம்?”

“பின்னேரம்வரை.”

 அவருடைய பக்கத்தில் பனி தள்ளும் வண்டியின் சத்தம் கேட்டது. பாலாம்பிகைக்கு ஒரு எண்ணம் வந்தது. மனிசன் என்ன சொல்லுவார் என்பதும் தெரியும். எனக்கேன் உந்த வெயில் என்பார், பிறகு இடுப்பு நோ என்பார், மூன்றாம் தரம்தான் பிடிகொடுப்பார். மிச்சம் இரண்டு நிமிசம். மூன்று தரம் கேட்கப் போதும்.

“இஞ்சாருங்கோ, வாற வருசம் எங்கையாலும் ஒரு இடத்துக்குப் போவமே? ஒருதற்றை கலியாணத்துக்கும் இல்லை, சும்மா பாக்க. வாறியளோ?”

அந்தத் தொலைபேசியில் பதில் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அதற்குள் அவள் இரண்டாம் தரத்துக்கான வசனத்தை வாயில் ஆயத்தமாக வைத்துக்கொண்டாள்.

“ஓம்” என்றார் ஆனந்தராசா. “வாறன்.”

அவளுக்குச் சரியாகக் கேட்டதோ என்று சந்தேகம். இருபத்தாறு வருசக் குடித்தனத்தில் அந்த மனிசன் ஒரு தோசைக்குக்கூட முதல் தரம் ஓம் சொன்னதில்லை.  பதினைந்து வருசமாக ஊர் உலகத்துப் பெட்டியெல்லாம் ஏற்றி அனுப்புகிறவரை, நீயும் வாறியோ என்று ஒருவரும் ஒரு தரமும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

“எங்கை போவம்?” என்றாள் மெல்லமாக.

“பொறும், பொறும், போனை வையாதையும்.” இழுப்பறை ஒன்று திறபடும் சத்தம் கேட்டது. “எழுதி வைச்சிருக்கிறன். நாப்பது ஊர் வரும்.”

ஐந்து நிமிசம் முடிந்துவிட்டது. லீஸ் பாலாம்பிகையின் முகத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைச் சட்டைக் கையால் மூடிக்கொண்டார். ஆனந்தராசா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதலாவது ஊரிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.